நேர்த்திக்கடனும் காப்பீடும்: மண்ணச்சநல்லூர் வட்டத்தை முன்வைத்துக் குழந்தைக் காப்பின் வரலாறு

முன்னுரை

குழந்தைக்குக் கடும் நோய் நேருங்கால் அதன் சுமையைக் குடும்பம் தனித்துத் தாங்குவதா, பலர் கூடித் தாங்குவதா என்னும் வினா, காப்பீட்டு நிறுவனங்களுக்கு முற்பட்டது. சமயபுரம் அடங்கிய மண்ணச்சநல்லூர் வட்டத்தை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

கோயில்சார் காப்பு

சமயபுரம் மாரியம்மன் கோயிலில் இருவகைக் காப்பு முறைகளைக் காணலாம். ஒன்று நேர்த்திக்கடன். நோய் கண்டபின் வேண்டிக்கொண்டு, நலம்பெற்றபின் முடி இறக்கியோ, தீச்சட்டி ஏந்தியோ, உடலுறுப்பின் வெள்ளி உருவைச் செலுத்தியோ தீர்க்கப்படுவது. பெயரே உணர்த்துவதுபோல், இது ஒரு குடும்பத்தின் தனிக்கடன். மற்றொன்று பச்சைப்பட்டினி விரதம். கோடைக்கு முன் அம்மை பரவும் பருவத்தில், மக்கள் நோயின்றி வாழ அம்மனே 28 நாள் விரதம் இருப்பதாக நம்பப்படுகிறது. இது நோய்க்கு முற்பட்டது, அனைவருக்கும் பொதுவானது.

இடரின் மாற்றம்

பெரியம்மைக்குப் பணத்தால் வாங்கத்தக்க தீர்வு இருந்ததில்லை. கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் நிறுவனம் அம்மைப்பால் தயாரித்து வழங்கியது. 1980இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. அதன்பின் முன்னின்ற பிறவி இதயக் குறை, செவித்திறன் குறை போன்றவற்றுக்கு அறுவை மருத்துவம் உண்டு. ஆனால் அதன் செலவு கூலிக் குடும்பத்தின் ஆற்றலுக்கு மீறியது. தீர்வு கிடைத்த இடத்திலேதான் பணம் உயிரைத் தீர்மானிக்கும் பொருளாயிற்று.

அரசுக் காப்பீடு

இந்நிலையில் 2008இல் இளம் சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டமும், 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தொடங்கப்பெற்றன. கலைஞர் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்திற்கு நான்கு ஆண்டுகளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை வழங்கியது. இக்காப்பீட்டுத் திட்டங்களில் காப்பீட்டுக் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. காப்பின் அலகு குழந்தையன்று, குடும்பம். செவித்திறனற்ற சிறார்க்கான காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை, இத்திட்டத்தின்கீழ்த் திருச்சிராப்பள்ளி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலேயே நடைபெறுகிறது.

முடிவுரை

இடருக்கு முன்னரே ஏற்படுத்தப்படுவது, பொதுவாகத் தாங்கப்படுவது என்னும் இரு கூறுகளாலும் அரசுக் காப்பீடு நேர்த்திக்கடனைவிடப் பச்சைப்பட்டினியின் அமைப்பையே ஒத்துள்ளது. எனினும் அது மருத்துவமனைக்குரிய தொகையையே ஈடுசெய்கிறது. பிள்ளையின் படுக்கையருகே இருக்கும் அரிசி ஆலைத் தொழிலாளி இழக்கும் நாட்கூலி அதன் கணக்கில் சேர்வதில்லை. அப்பகுதி இன்றும் குடும்பத்தின் தனிக்கடனாகவே நீடிக்கிறது. காப்பீட்டு வரலாற்றை எழுதுவோர், வழங்கப்பட்ட தொகையோடு இவ்விடுபட்ட பகுதியையும் அளந்தறிதல் வேண்டும்.