பெயர் உதிரும் முகங்கள்: ஜூலியா மார்கரெட் கேமரனின் உருவப்படங்களில் தொன்மமும் ஒளியும் இழப்பும்

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1879இல் இலங்கை மலையகத்தில் இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானவர். இடையில் இங்கிலாந்தின் வைட் தீவில் அவர் எடுத்த உருவப்படங்களே அவரைப் புகைப்பட வரலாற்றில் நிறுத்தின. 1863 இறுதியில், 48 வயதில், மகளும் மருமகனும் தந்த கேமராவோடு தொடங்கினார். வீட்டுக் கோழிக்கூடு கண்ணாடிக் கூடமாயிற்று. கரி அறை இருட்டறையாயிற்று. அவருடைய படங்களின் மங்கல் கைப்பிழையா, உத்தியா என்ற பழைய வழக்கிலேயே விமர்சனம் நெடுங்காலம் தேங்கிக் கிடந்தது. எனக்கு அந்த வழக்கில் பெரிய ஆர்வமில்லை. ஒரு முகம் தொன்மமாக உயர வேண்டுமானால் எதை விட வேண்டும், யார் விட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அவர் கையாண்ட ஈரக் கொலோடியன் முறையிலேயே விடுதல் உள்ளடங்கியிருக்கிறது. கண்ணாடித் தகட்டில் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துத் துலக்கியாக வேண்டும். பிறகு ஒளி தீண்டாத வெள்ளி உப்பைக் கரைத்து அகற்ற வேண்டும். அகற்றாவிட்டால் வெளிச்சத்தில் தகடு மேலும் கருத்துப் படம் பாழாகும். வெள்ளி உப்பை ஹைப்போ என்னும் வேதிப்பொருள் கரைக்கும் என்று 1819இல் கண்டவர் வானியலாளர் ஜான் ஹெர்ஷல். அவரையே 1867இல் கேமரன் படமெடுத்தார். எடுக்குமுன் அவருடைய நரைமயிரைக் கழுவச் செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஒளி அந்தக் கலைந்த மயிரிலும் நெற்றிச் சுருக்கங்களிலும் விழுகிறது, சுற்றிலும் இருள். தொலைநோக்கி இல்லை, நூல்கள் இல்லை. தொழிலின் அடையாளங்கள் யாவும் போனபின் ஒரு முதிய தீர்க்கதரிசி எஞ்சுகிறார்.

ஆனால் ஹெர்ஷல் தம் பெயரை விடவில்லை. கேமரன் படமெடுத்த டென்னிசனும் டார்வினும் கார்லைலும் அப்படியே. வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரின் நிலை வேறு. முக்காடிட்டுக் குழந்தையோடு அமரும்போது அவர் மடோனா. பக்கவாட்டு முகம் காட்டும்போது சாஃபோ. படத்தின் தலைப்பில் அவருக்கு இடமில்லை. பல நிமிடங்கள் அசையாதிருப்பதும் அவர் வேலையில் ஒரு பகுதிதான். கேமரன் அவரைத் தாழ்த்தினார் என்று சொல்வது அவசரத் தீர்ப்பு. அடுப்படிப் பெண்ணின் முகத்தில் தெய்வத் தாயைக் கண்ட கண் சாதாரணமானதன்று. எனினும் பெரியவர்கள் பொருள்களை மட்டும் துறந்து தொன்மமானார்கள். ஹில்லியர் தம்மையே துறக்க வேண்டியிருந்தது. ஒரே கூடத்தில், ஒரே ஒளியில், இரு விலைகள்.

இந்த வேறுபாடு இலங்கையில் இன்னும் கூர்மையாகிறது. கணவர் சார்லஸின் முதலீடு அங்கே காப்பித் தோட்டங்களில் இருந்தது. வைட் தீவு வீட்டுக்கே டிம்போலா என்று தோட்டத்தின் பெயரைத்தான் இட்டிருந்தார்கள். அத்தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் சென்னை மாகாணத்திலிருந்து போன தமிழர்கள். 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் காப்பியை அரித்துக்கொண்டிருந்த காலத்தில், 1875இல், கேமரன் தம்பதியர் அங்கே குடியேறினர். அங்கு எடுத்தவற்றில் இன்று எஞ்சியவை ஏறக்குறைய முப்பது. களுத்துறையில் அவர்களைக் காண வந்த ஓவியர் மரியான் நார்த் அவற்றில் தம் பெயரோடு இருக்கிறார். உள்ளூர் மக்களுக்குச் சொந்தப் பெயரும் இல்லை; மடோனா, சாஃபோ போன்ற இரவல் பெயரும் இல்லை. 1878இல் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு அவர்களைக் களுத்துறைக் குடியானவர்கள் என்று மட்டும் குறிக்கிறது. தொன்மத்துக்குள் நுழையவும் ஓர் அனுமதிச்சீட்டு தேவைப்பட்டிருக்கிறது.

அந்தப் படத்தோடுள்ள குறிப்பை மட்டும் தனியே பார்க்க வேண்டும். படத்திலுள்ள சிறுமிக்கு வயது 12 என்பதைக் கேமரன் உறுதியாக எழுதுகிறார். உடனிருக்கும் முதியவர் விஷயத்தில் தொனி மாறுகிறது: தாமே அவளுடைய தந்தை என்றும், தமக்கு வயது 100 என்றும் அவர் கூறுகிறாராம். கேமரன் நம்பினாரா, உள்ளூரச் சிரித்தாரா என்பது அந்த வாசகத்தில் பிடிபடுவதில்லை. வைட் தீவின் ஃப்ரெஷ்வாட்டரில் தொன்மத்தை வழங்கியவர் எப்போதும் கேமராவின் பின்னால் நின்றவர். களுத்துறையில் அதை வழங்கியவர் எதிரே நின்ற முதியவர். கேமரன் அதை எழுதிக்கொண்டார்.