மருந்துக் கடையாகப் பிறந்த மாளிகை: சென்னை பாரத் இன்சூரன்ஸ் கட்டடம்

பழைய பள்ளிவாசல், பழைய தர்கா, பழைய அரண்மனை என்றால் அவற்றுக்கு வரலாறு உண்டென்று எவரும் ஒப்புக்கொள்வர். கடைக்கு என்ன வரலாறு என்று கேட்போரே மிகுதி. கொடுக்கல் வாங்கலுக்காக எழுப்பப்பட்ட சுவர்தானே, வணிகம் போனால் சுவரும் போகட்டும் என்பது பொதுவான எண்ணம். இந்த எண்ணத்தை நீதிமன்றம் வரை கொண்டுபோய் நிறுத்திய ஒரு கடைக் கட்டடம் சென்னை அண்ணா சாலையில், ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முனையில் உள்ளது. பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் என்று மக்கள் அழைக்கும் அதன் முதற்பெயர் கார்டைல் கட்டடம்.

கடை எழுந்த காலம்

உதகையில் மருந்துக் கடை தொடங்கிச் சென்னைக்கு வந்து தொழிலைப் பெருக்கியவர் டபிள்யூ. ஈ. ஸ்மித். மருந்துகளையும் அறுவைச் சிகிச்சைக் கருவிகளையும் விற்ற தம் நிறுவனத்துக்காக அவர் எழுப்பிய மாளிகை 1897இல் நிறைவுற்றது. அன்றைய மவுண்ட் ரோடு, ஐரோப்பிய வணிகர்கள் தங்கள் செல்வாக்கைக் கட்டடங்களால் பறைசாற்றிய வீதி. நகைக்கும் கடிகாரத்துக்கும் பெயர்பெற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ், புத்தகத்துக்கு ஹிக்கின்பாதம்ஸ், எல்லாப் பொருள்களுக்கும் ஸ்பென்சர் என அடுத்தடுத்து நின்றன. அந்த வரிசையில் ஒரு மருந்து வணிகரும் அரண்மனை போன்ற கடையை விரும்பியதில் வியப்பில்லை.

அதற்கு வரைபடம் தந்தவர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். 1892இல் திறக்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்ற மாளிகையின் பணியில் ஹென்றி இர்வினுக்குத் துணைநின்றவர் இவரே. இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு ஒரு பொருள் கிடைக்கும்.

சாரசெனிக் என்னும் சொல்

இக்கட்டடத்தின் பாணியை இந்தோ-சாரசெனிக் என்பர். 'சாரசன்' என்பது இடைக்கால ஐரோப்பியர் முஸ்லிம்களுக்கு இட்ட பெயர். முஸ்லிம்கள் தம்மை ஒருபோதும் அப்படி அழைத்துக்கொண்டதில்லை. ஆயினும் அப்பெயர் சுட்டும் வடிவங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. கூர்நுனி வளைவுகள், குவிமாடங்கள், மினாராவை நினைவூட்டும் மெல்லிய கோபுரங்கள் ஆகியவற்றை ஐரோப்பியத் தூண்களோடும் தாழ்வாரங்களோடும் இணைத்துச் செங்கல்லில் வடித்ததே இப்பாணி.

சென்னையில் இதன் வேரைத் தேடினால் சேப்பாக்கம் சென்றடைவோம். ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜா 1768ஆம் ஆண்டளவில் எழுப்பிய அரண்மனை அங்குள்ளது. நவாபுப் பட்டம் 1855இல் ஒழிக்கப்பட்டபின் அது ஆங்கில அரசின் கைக்குச் சென்றது. அதனை ஆராய்ந்து விரிவாக்கிய ராபர்ட் சிஷோம், அருகிலேயே பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தையும் வடித்தார். அரண்மனையில் பிறந்த வடிவம் கல்விக்கூடத்துக்கும் நீதிமன்றத்துக்கும் சென்று, இறுதியில் மருந்துக் கடையின் நெற்றியிலும் ஏறியது. ஆட்சியை இழந்தவர்களின் கலையை ஆட்சியைப் பறித்தவர்கள் தங்கள் அடையாளமாக்கிக்கொண்ட விந்தை இது.

கை மாறிய உடைமை

1934இல் பாரத் இன்சூரன்ஸ் நிறுவனம் இதனை வாங்கியது. லாகூரில் லாலா ஹர்கிஷன் லால் தொடங்கிய அந்நிறுவனத்தின் பெயரே கட்டடத்துக்கு நிலைத்தது. 1956இல் ஆயுள் காப்பீடு தேசியமயமானபோது கட்டடம் எல்.ஐ.சி.யின் சொத்தாயிற்று. அதே அண்ணா சாலையில் 1959இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி.யின் உயர்ந்த கட்டடம், நெடுங்காலம் சென்னையின் அடையாளமாகவே விளங்கியது. ஒரே உரிமையாளரிடம் இரு கட்டடங்கள்: ஒன்று திரைப்படங்களில் நகரின் முகமாயிற்று, மற்றொன்று மெல்லமெல்லப் பாழடைந்தது.

இடிப்பும் தீர்ப்பும்

2006இல் கட்டடத்தை இடிக்கும் பணி தொடங்கியது. அது பாதுகாப்பற்றது என்பது உரிமையாளர் தரப்பு வாதம். அதனை முற்றிலும் புறந்தள்ள இயலாது. நடைபாதையில் செல்வோரின் உயிர் எந்தச் சிற்ப வேலைப்பாட்டையும்விட மேலானது. பாலிசிதாரர்களின் பணத்தைக் காக்கும் பொறுப்பும் அந்நிறுவனத்துக்கு உண்டு. ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பராமரிக்காமல் விட்டவரே 'பழுதடைந்துவிட்டது' என்பதை இடிப்பதற்குக் காரணமாகக் காட்டலாமா?

மரபுரிமைக் காப்புக்கான இன்டாக் அறக்கட்டளை வழக்குத் தொடுத்தது. உயர் நீதிமன்றம் இடிப்பைத் தடுத்து நிறுத்தியது. அப்போதிருந்த சட்டநிலையையும் அறிய வேண்டும். 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததென அறிவிக்கப்பட்ட சின்னங்களையே காக்கிறது. எங்கள் காட்டுப்பள்ளிக்கு வடக்கே, பழவேற்காட்டில் உள்ள டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் காவலில் உள்ளது. நகரின் நடுவிலுள்ள ஒரு கடைக்கு அத்தகைய காவல் எளிதில் வாய்ப்பதில்லை.

2010 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. விளம்பரப் பலகைகள் தொடர்பாக நீதிபதி ஈ. பத்மநாபன் குழு அளித்த அறிக்கையில் மரபுக் கட்டடங்களின் பட்டியல் ஒன்று இருந்தது. அப்பட்டியலை நீதிமன்றம் கையிலெடுத்தது. மரபுக் கட்டடக் காப்புக் குழுவை அமைக்குமாறு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு ஆணையிட்டது. பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்காமல் சீரமைக்கப் பணித்தது. ஒரு கடைக்காக நடந்த வழக்கு நூற்றுக்கணக்கான கட்டடங்களுக்குக் கேடயமாயிற்று. ஸ்டீபன்ஸ் உழைத்த நீதிமன்ற மாளிகையிலிருந்தே ஸ்டீபன்ஸ் வரைந்த கடைக்குக் காப்பாணை பிறந்தது என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

தீர்ப்பு கூரையாகாது

எனினும், தீர்ப்புக்குப் பின்னரும் பல ஆண்டுகள் கட்டடம் பூட்டியே கிடந்தது. சுவர்களில் மரங்கள் வளர்ந்தன. இந்த அழிவு எவ்வாறு நிகழ்கிறது என்பதை அறிவது நமக்குப் பயன்தரும். அக்காலக் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுந்தவை. மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளத்தில் தேக்குச் சட்டங்களின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் துண்டுகளும் கலந்த கலவையை இட்டு இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதிப்பர். மழைநீர்க் குழாய் ஒன்று அடைபட்டால் போதும். தேங்கிய நீர் கசிந்து, சுவருக்குள் புதைந்திருக்கும் சட்டத்தின் முனையை உளுக்கச் செய்யும். பறவையின் எச்சத்தில் வந்த அரச விதை ஈரமான சுண்ணாம்பு இணைப்பில் முளைக்கும். மேலே தெரியும் கிளையை வெட்டினாலும் உள்ளே வேர் தடித்துச் சுவரைப் பிளக்கும். சிமென்ட் பூசி மறைத்தால் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லை அரிக்கும். ஆண்டுக்கொருமுறை குழாயைத் துப்புரவு செய்து செடியை வேரோடு அகற்றுவதற்கு ஆகும் சிறு செலவே, பின்னாளில் கோடிகளாக வளர்ந்து நிற்கிறது.

சீரமைப்பு இயலாத காரியமன்று. 2012 ஜனவரியில் தீக்கிரையான சேப்பாக்கம் கலச மஹால் மீட்டெடுக்கப்பட்டு, இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது. மாறாக, 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபின் மீண்டும் எழவில்லை. பழைய புத்தகம் தேடிய தலைமுறைகளின் அந்த அங்காடி இன்று ஒரு சிறு மாதிரி வடிவமாக மட்டுமே எஞ்சியுள்ளது. மீட்டெடுத்தலுக்கும் இழத்தலுக்கும் சான்று இரண்டும் ஒரே நகரில் உள்ளன.

நமக்கு உரிய பாடம்

இதனை அடுத்தவர் சொத்தைப் பற்றிய கதையாக மட்டும் வாசித்துவிட்டுச் செல்வது நேர்மையாகாது. நம் ஊர்களில் முன்னோர் சுண்ணாம்பாலும் கல்லாலும் எழுப்பிய பள்ளிவாசல்களும், அவற்றின் வருவாய்க்காக வக்ஃபு செய்த கடைகளும் உள்ளன. இடம் போதவில்லை, கசிகிறது என்று சொல்லி அவற்றைத் தகர்த்துக் கான்கிரீட் எழுப்புவது எளிதாகிவிட்டது. தொழுவோர் பெருகும்போது இடம் விரிய வேண்டியதே. ஆனால் விரிவாக்க வேறு வழியுண்டா என்று பார்க்காமலே கடப்பாரையை எடுப்பது அமானிதத்துக்கு அழகன்று. வக்ஃபுச் சொத்தின் முத்தவல்லி அதன் உரிமையாளர் அல்லர், காவலர் மட்டுமே.

ஆகவே ஜமாஅத்துகள் செய்யத்தக்கவை சில. கட்டட ஆண்டு, கட்டியவர் பெயர், கல்வெட்டு ஆகியவற்றைப் புகைப்படத்துடன் பதிவுசெய்யுங்கள். மழைக்காலத்துக்கு முன் கூரையையும் குழாயையும் பாருங்கள். இடிக்க முடிவெடுக்கும் முன் சுண்ணாம்பு வேலை அறிந்த பொறியாளர் ஒருவரின் கருத்தைக் கேளுங்கள். பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைக் காக்க உயர் நீதிமன்றம் தேவைப்பட்டது. நம் ஊர்ப் பள்ளிவாசலையும் கடையையும் காக்க ஓர் ஏணியும், அதில் ஏறிப் பார்க்கும் பொறுப்புணர்வும் போதும்.