தாசேக் சினியை மூடும் ‘பூனைவால்’: அறுத்தால் ஏன் தீராது?

பகாங் மாநிலம், பெக்கான் மாவட்டத்தில் உள்ள தாசேக் சினி, தாசேக் பெராவுக்கு அடுத்து தீபகற்ப மலேசியாவின் இரண்டாவது பெரிய இயற்கை நன்னீர் ஏரி. பார்வைக்கு ஒரே ஏரி என்றாலும், சிறு கால்வாய்களால் இணைந்த 12 நீர்ப்பரப்புகள் அதில் உண்டு. அங்கு வாழும் ஜக்கூன் பூர்வகுடியினர் அவை ஒவ்வொன்றையும் ‘லாவுட்’, அதாவது கடல் என்றே அழைக்கிறார்கள். 2009-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை மலேசியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக அங்கீகரித்தது. தாமரைக்குப் பெயர்போன ஏரி இது. பூக்கும் காலத்தில் சுற்றுப்பயணிகளைப் படகில் ஏற்றிக் காட்டுவது கம்போங் குமும் மக்களுக்கு ஒரு வருமானம்.

அந்தத் தாமரைக்குப் போட்டியாக 1990-களின் பிற்பகுதியிலிருந்து பரவிய நீர்க்களைதான் கபோம்பா. மலாயில் ‘ஏக்கோர் கூச்சிங்’, பூனைவால் என்பார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடி, மீன் தொட்டி அலங்காரத்துக்காகப் பல நாடுகளில் விற்கப்படுவது. நீருக்கு மேலே சிறிய ஊதாப் பூக்கள்; படம் எடுக்க அழகாகத்தான் இருக்கும். நீருக்குக் கீழே நிலைமை வேறு. அடர்ந்து வளர்ந்து, வெளிச்சத்தை மறைத்து, மற்றச் செடிகளை நசுக்கிவிடும். வலை போட இடம் இருக்காது. படகின் விசிறியிலும் சுற்றிக்கொள்ளும்.

நம் ஊர் ஈயக் குட்டைகளில் ஆகாயத்தாமரையைப் பார்த்தவர்களுக்கு, “வாரி எடுத்துப் போட வேண்டியதுதானே” என்று தோன்றலாம். ஆகாயத்தாமரை மிதக்கும் செடி. நகராண்மைக் கழகம் குத்தகையாளரை அமர்த்தி, இயந்திரம் வைத்துக் கரையில் குவித்துவிடலாம். மீண்டும் வந்தாலும், வருவது கண்ணுக்குத் தெரியும். கபோம்பா அப்படியல்ல. தண்டின் ஒரு கணு அறுந்து மிதந்தாலே போதும், போன இடத்தில் வேர் பிடிக்கும். வெட்டும் இயந்திரம் மட்டுமல்ல, அந்த வழியே போகும் ஒவ்வொரு மோட்டார் படகும் அதற்கு நாற்று நடுகிறது என்றே சொல்லலாம்.

ஆனால், களையை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது. தாசேக் சினியின் நீர் சுமார் 5 கிலோமீட்டர் நீளமுள்ள சினி ஆற்றின் வழியாகப் பகாங் ஆற்றுக்குப் போகிறது. முன்பு வறட்சியில் ஏரி வற்றி இறங்கும். ஆண்டு இறுதி அடைமழையில் பகாங் ஆறு பெருகி, வெள்ளம் ஏரிக்குள்ளேயே திரும்பி வரும். இந்த ஏற்ற இறக்கம்தான் ஏரியின் மூச்சு. 1995-இல் சினி ஆற்றில் தடுப்பணை கட்டப்பட்டது. ஆண்டு முழுதும் நீர்மட்டம் குறையாமல் இருந்தால் சுற்றுலாப் படகுகள் ஓடலாம் என்பது கணக்கு. நீர் தேங்கியது, கரையோர மரங்கள் நீரில் நின்றே பட்டுப்போயின. ஓட்டம் குறைந்த, மட்டம் மாறாத நீர் கபோம்பாவுக்கு மிகவும் ஏற்றது. படகு ஓட வேண்டும் என்று கட்டிய அணை, படகை மடக்கும் களைக்கே வசதி செய்து கொடுத்தது.

சுற்றுவட்டாரத்திலிருந்து வருவதும் சேர்ந்துகொண்டது. வெட்டுமரத் தொழில், இரும்புத்தாதுச் சுரங்கம், செம்பனைத் தோட்டங்கள் எல்லாம் ஏரியைச் சுற்றி இருந்தவை. மழைக்கு முன் போட்ட உரம் எங்கே போகும் என்பதைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மண்ணும் உரமும் கலந்த நீர் களைக்கு விருந்து.

இங்கேதான் நிர்வாகச் சிக்கல். அரசியலமைப்புப்படி நிலம், காடு, ஆறு மூன்றும் மாநில அதிகாரத்தில் உள்ளவை. களை எடுப்பதை ஊராட்சி மன்றம் செய்யலாம். சுரங்க அனுமதியோ காட்டு நிலமோ அதன் கையில் இல்லை. ஏரிக்குள் ஆண்டுதோறும் பணம் செலவழித்து, கரைக்கு மேலே எதையும் மாற்றாவிட்டால், குழாயை மூடாமல் தரையைத் துடைக்கும் கதைதான்.

களைக்கொல்லி தெளிப்பதும் எளிதல்ல. கரையோர மக்கள் புழங்கும் நீர், பிடித்துச் சாப்பிடும் மீன். புல்கெண்டை மீனை விடலாம் என்றால், அதற்குக் கபோம்பா பிடித்த தீனியும் அல்ல. மற்றச் செடிகளைத்தான் முதலில் மேயும். வண்டு வழி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியை மூடியிருந்த சல்வீனியா என்ற மிதக்கும் களையை, 1980-இல் விடப்பட்ட ஒரு சிறு வண்டு ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் ஏறக்குறைய முழுவதும் அழித்தது. கபோம்பா இனத்தின் இன்னொரு வகைக்கு எதிராக அர்ஜெண்டினா வண்டு ஒன்றை 2023-இல் குயின்ஸ்லாந்தில் விட்டிருக்கிறார்கள். அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. நம் செடிகளைத் தின்னாது என்று சோதித்து உறுதி செய்யவே பல ஆண்டுகள் பிடிக்கும்.

அதுவரை பலன் தரக்கூடியவை இவைதான்: கரையோரக் காட்டைத் தொடாமல் விடுவது, நீர்மட்டத்தை ஏறி இறங்க விடுவது, களை புதிதாகத் தலைகாட்டும் இடத்தில் சிறு திட்டாக இருக்கும்போதே துண்டு சிதறாமல் கையால் வேரோடு எடுப்பது. மீன்பிடிக்கப் போகிறவர்கள் படகையும் வலையையும் அடுத்த ஏரியில் இறக்குமுன் ஒட்டியிருக்கும் செடியை அகற்ற வேண்டும். வீட்டு மீன் தொட்டியைக் கழுவும்போது மிஞ்சும் செடியை வாய்க்காலில் வீசாமல், வெயிலில் நன்கு காயவைத்துக் குப்பையில் போடலாம்.