இன்சாஸ் துப்பாக்கி

இன்சாஸ் துப்பாக்கி என்பது இந்தியாவில் வடிவமைக்கப்பட்டு, அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகளில் உற்பத்தி செய்யப்பட்ட 5.56 மிமீ காலாட்படைத் துப்பாக்கி ஆகும். இது 1990களின் இறுதியில் இந்தியத் தரைப்படையில் சேர்க்கப்பட்டது. பின்னர் மத்திய ஆயுதக் காவல் படைகளும் பல மாநிலக் காவல்துறைகளும் இதைப் பெற்றன. நேபாளம், பூட்டான், ஓமன் ஆகிய நாடுகளுக்கும் இத்துப்பாக்கி வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலை இதை உற்பத்தி செய்தது.

எடை குறைந்த தோட்டா, குறைவான பின்னுதைப்பு, நல்ல குறித்துல்லியம் ஆகியவற்றுக்காக இத்துப்பாக்கி பாராட்டப்பட்டது. அதே வேளையில், சண்டையின் நடுவே சிக்கிக்கொள்கிறது என்ற குறைபாடும் இதைப் பயன்படுத்திய படையினரால் தொடர்ந்து கூறப்பட்டு வந்தது. கார்கில் போர் (1999), நேபாளத்தின் பிலி முகாம் தாக்குதல் (2005) ஆகியவை இது தொடர்பில் அதிகம் பேசப்பட்ட நிகழ்வுகளாகும்.

பெயர்

'இந்தியன் ஸ்மால் ஆர்ம்ஸ் சிஸ்டம்' என்பதன் சுருக்கமே இன்சாஸ் ஆகும். இதனை 'இந்தியச் சிறு ஆயுதத் தொகுதி' எனத் தமிழில் கூறலாம். தொடக்கத்தில் ஒரே தோட்டாவைப் பயன்படுத்தும் துப்பாக்கி, இலகு இயந்திரத் துப்பாக்கி, கார்பைன் ஆகிய மூன்று ஆயுதங்கள் கொண்ட தொகுதியாக இது திட்டமிடப்பட்டது. இவற்றுள் முதல் இரண்டுமே படையில் பரவலான பயன்பாட்டுக்கு வந்தன.

முன்னோடி: 1ஏ1 எஸ்.எல்.ஆர்.

1962 இந்திய-சீனப் போரில் இந்தியப் படையினர் பெரும்பாலும் .303 லீ-என்பீல்டு துப்பாக்கிகளையே வைத்திருந்தனர். அதில் ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் கையால் பூட்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். இதற்கு மாற்றாக, பெல்ஜியத்தின் எப்.என். பால் துப்பாக்கியின் அமைப்பை ஒட்டிய 7.62 மிமீ 1ஏ1 எஸ்.எல்.ஆர். மேற்கு வங்காளத்தின் இசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் 1960களில் உற்பத்தி செய்யப்பட்டது.

எஸ்.எல்.ஆர். ஓர் அரைத் தானியங்கித் துப்பாக்கி ஆகும். அதாவது, அடுத்த தோட்டா தானாகவே ஏறிக்கொள்ளும். ஆனால் விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு குண்டு மட்டுமே வெளிப்படும். உறுதியும் தொலைவு வீச்சும் இதன் சிறப்புகள். நான்கு கிலோகிராமுக்கு மேற்பட்ட எடையும் ஒரு மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் இதன் குறைகள். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதி காக்கும் படையினர் பெரும்பாலும் இத்துப்பாக்கியையே ஏந்திச் சென்றனர். விடுதலைப் புலிகளிடம் ஏ.கே. வகைத் தானியங்கித் துப்பாக்கிகள் இருந்தன. குடியிருப்புகளிலும் காடுகளிலும் மிக அண்மையில் நடந்த சண்டைகளில் எஸ்.எல்.ஆரின் நீளமும் அதன் ஒற்றைச் சூடும் பின்னடைவாக அமைந்தன.

உருவாக்கம்

பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின் கீழ் புனேயில் இயங்கும் ஆயுத ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் இன்சாசை வடிவமைக்கத் தொடங்கியது. பணி நீண்டுகொண்டே சென்றதால், 1990களின் தொடக்கத்தில் இடைக்கால ஏற்பாடாக ஏறத்தாழ ஒரு இலட்சம் ஏ.கே. வகைத் துப்பாக்கிகள் வெளிநாடுகளிலிருந்து வாங்கப்பட்டன. இதனால் பல படையினருக்கு இன்சாஸ் கைக்கு வரும் முன்னரே ஏ.கே. துப்பாக்கி பழக்கமாகிவிட்டது. பின்னாளில் இவ்விரண்டும் எப்போதும் ஒப்பிடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும். 1998 குடியரசு நாள் அணிவகுப்பில் இன்சாஸ் காட்சிப்படுத்தப்பட்டது.

இசாப்பூர், கான்பூர், திருச்சிராப்பள்ளி ஆகிய மூன்று இடங்களில் உற்பத்தி நடைபெற்றது. திருச்சிராப்பள்ளி தொழிற்சாலை 1966இல் நிறுவப்பட்டது. இது மாநகருக்குத் தென்கிழக்கே நவல்பட்டை அடுத்து, இன்றைய புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்கு அண்மையில் அமைந்துள்ளது. தொழிற்சாலை நிறுவப்பட்ட காலத்தில் திருவரங்குளம், ஆலங்குடி முதலிய ஊர்களும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலேயே இருந்தன. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974இல் ஆகும். 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, இத்தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்யுப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது.

அமைப்பு

* தோட்டா: 5.56 × 45 மிமீ
* மொத்த நீளம்: 960 மிமீ (மடங்காத கட்டை உடையது)
* குழல் நீளம்: 464 மிமீ
* எடை: ஏறத்தாழ 4.15 கிலோகிராம் (தோட்டாக்கள் இன்றி)
* மேகசின்: 20 தோட்டாக்கள்
* பயனுறு வீச்சு: 400 மீட்டர்
* சுடும் முறை: ஒற்றைச் சூடு, மூன்று குண்டுத் தொடர்

குண்டு குழலினுள் செல்லும்போது அதன் பின்னிருந்து தள்ளும் வாயுவின் ஒரு பகுதி, சிறு துளை வழியாகப் பிரிந்து ஓர் உந்துதண்டைப் பின்னே தள்ளுகிறது. உந்துதண்டு பூட்டைச் சுழற்றித் திறக்கிறது. வெற்றுறை வெளியே எறியப்படுகிறது. பின்னர் சுருள்வில் பூட்டை முன்னே தள்ள, மேகசினிலிருந்து அடுத்த தோட்டா ஏறுகிறது. இந்த ஏற்பாடு ஏ.கே. துப்பாக்கியை ஒத்தது. வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு எப்.என். பால் துப்பாக்கியில் உள்ளது போன்றது.

தோட்டா விரயத்தைத் தவிர்க்கும் பொருட்டு, தொடர்ந்து சுடும் முழுத் தானியங்கி முறை நீக்கப்பட்டு மூன்று குண்டுத் தொடர் வைக்கப்பட்டது. எத்தனை தோட்டாக்கள் எஞ்சியுள்ளன என்பதைப் பார்த்தறியும் வகையில் மேகசின் ஒளி ஊடுருவும் நெகிழியால் செய்யப்பட்டது. 5.56 மிமீ தோட்டா, 7.62 × 51 மிமீ தோட்டாவின் எடையில் ஏறத்தாழ பாதியே இருப்பதால், ஒரு வீரர் அதே சுமையில் இரு மடங்கு தோட்டாக்களை எடுத்துச் செல்ல முடிந்தது.

பயன்படுத்தியோர் அனுபவங்கள்

இத்தகைய துப்பாக்கிகள் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்ட ஆயுதங்கள் என்னும் வகையில் அடங்குபவை. பொதுமக்களுக்கு வழக்கமாக இவற்றுக்கு உரிமம் வழங்கப்படுவதில்லை. ஆகவே இன்சாசின் உரிமையாளர்கள் படைகளும் காவல்துறைகளும் மட்டுமே. பயன்படுத்தும் வீரர் அதைத் தேர்ந்தெடுப்பதுமில்லை, பிடிக்காவிடில் வேறொன்றை வாங்கிக்கொள்வதுமில்லை. அவரது அனுபவம் மேலதிகாரிகள் வழியாகவே வடிவமைப்பாளரைச் சென்றடைய வேண்டும்.

கார்கில் போர்

இன்சாஸ் படையில் சேர்ந்த ஓரிரு ஆண்டுகளுக்குள், 1999 மே முதல் ஜூலை வரை, கார்கில் மலைமுகடுகளில் பயன்படுத்தப்பட்டது. கடுங்குளிரில் நெகிழி மேகசின்கள் விரிசல் கண்டன. துப்பாக்கி இடையிடையே சிக்கிக்கொண்டது. மூன்று குண்டுத் தொடருக்கு வைத்த துப்பாக்கி நிற்காமல் சுட்டது எனவும், சுடும்போது எண்ணெய் கண்ணில் தெறித்தது எனவும் முறைப்பாடுகள் எழுந்தன. இவற்றின் அடிப்படையில் திருத்தப்பட்ட 1பி1 வகை 2001இல் வெளிவந்தது. எனினும் மேகசின் உடைதல் உள்ளிட்ட சில குறைபாடுகள் அதன் பின்னரும் தெரிவிக்கப்பட்டன.

நேபாளம்

மாவோவாதிகளுடன் போரிட்டுக்கொண்டிருந்த நேபாள இராணுவத்துக்கு இந்தியா மானிய விலையில் இன்சாஸ் துப்பாக்கிகளை வழங்கியது. 2005 ஆகஸ்டில் காளிகோட் மாவட்டம் பிலியில் இருந்த இராணுவ முகாம் தாக்கப்பட்டு, 40க்கும் மேற்பட்ட படையினர் கொல்லப்பட்டனர். பல மணி நேரம் நீடித்த சண்டையில் துப்பாக்கிகள் சூடேறிச் செயலிழந்தன என நேபாள இராணுவம் கூறியது. முறையற்ற பயன்பாடும் பராமரிப்புக் குறைவுமே காரணம் என இந்தியத் தரப்பு மறுத்ததுடன், பயிற்சி அளிக்கவும் முன்வந்தது.

மத்திய சேமக் காவல் படை

மாவோவாதிகளுக்கு எதிரான நடவடிக்கைகளில் ஈடுபட்ட மத்திய சேமக் காவல் படை (சி.ஆர்.பி.எப்.), இன்சாசை விலக்கிக்கொள்ளுமாறு 2014இல் கோரியது. ஏ.கே.-47, எக்ஸ்-95 ஆகியவற்றுடன் ஒப்பிடுகையில் இன்சாஸ் சிக்கிக்கொள்ளும் வீதம் கூடுதல் என அப்படையின் தலைமை இயக்குநர் தெரிவித்தார். 2015இல் ஒரு பகுதித் துப்பாக்கிகளுக்குப் பதிலாக ஏ.கே. துப்பாக்கிகள் வழங்கப்பட்டன.

நம்பகத்தன்மையைத் தீர்மானிக்கும் காரணிகள்

துப்பாக்கியின் நம்பகத்தன்மை, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான குண்டுகளைச் சுடும்போது எத்தனை முறை தடங்கல் ஏற்படுகிறது என்பதைக் கொண்டு அளவிடப்படுகிறது. தோட்டா ஏறாமை, வெற்றுறை வெளியேறாமை, தோட்டா வெடிக்காமை ஆகியன முதன்மையான தடங்கல்கள் ஆகும். இவற்றுக்குப் பின்வரும் காரணங்கள் உண்டு.

* மேகசின்: தோட்டாவைச் சரியான கோணத்தில் நிறுத்துவது மேகசினின் வாய்ப்பகுதியே. அங்கு ஏற்படும் சிறு விரிசலும் தோட்டா ஏறுவதைத் தடுக்கும்.
* இடைவெளி: ஏ.கே. துப்பாக்கியின் அசையும் உறுப்புகளுக்கு இடையே தாராளமான இடைவெளி உண்டு. மண்ணும் கரியும் புகுந்தாலும் அது பெரும்பாலும் இயங்கும். நெருக்கமாகப் பொருந்தும் உறுப்புகள் குறித்துல்லியத்துக்கு உதவும். ஆனால் அழுக்கைப் பொறுக்கா.
* வெப்பம்: இடைவிடாது சுட்டால் குழலும் பூட்டும் மிகுந்த சூடடையும். இலகு இயந்திரத் துப்பாக்கிக்குத் தடித்த குழல் வைக்கப்படுவது இதனாலேயே.
* எண்ணெய்: கடுங்குளிரில் எண்ணெய் தடித்து உறுப்புகளின் வேகத்தைக் குறைக்கும். புழுதியில் மிகுதியான எண்ணெய் மண்ணை ஈர்த்துப் பசையாக்கும்.
* உற்பத்தி: ஒரே துப்பாக்கி பல தொழிற்சாலைகளில் செய்யப்படும்போது அளவுகளும் உலோகப் பதமும் ஒரே சீராக இருத்தல் வேண்டும். தோட்டாவின் தரமும் அவ்வாறே.

பிலி நிகழ்வு குறித்த இரு கூற்றுகளையும் இக்காரணிகளைக் கொண்டு நோக்கலாம். நீண்ட நேரம் விரைவாகச் சுடுவதற்கென இத்துப்பாக்கி அமைக்கப்படவில்லை என்பது உண்மை. சுற்றி வளைக்கப்பட்ட முகாமில் உள்ளவருக்குச் சுடும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வாய்ப்பு இல்லை என்பதும் உண்மை. எந்தச் சூழலில் ஓர் ஆயுதம் பயன்படும் என்பதைச் சோதனைக் கட்டத்திலேயே கருத்தில் கொள்ளாவிடில், அதன் விலையைக் களத்தில் உள்ளவரே கொடுக்க நேர்கிறது.

மாற்றீடு

மேலும் ஆற்றல்மிக்க 7.62 மிமீ துப்பாக்கிகளுக்கு மாறுவதெனத் தரைப்படை பின்னர் முடிவு செய்தது. 2019 பிப்ரவரியில் சிக் சாயர் நிறுவனத்திடமிருந்து 72,400 சிக்716 துப்பாக்கிகளை வாங்க ஒப்பந்தம் செய்யப்பட்டது. 2021 டிசம்பரில், உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டம் கோர்வாவில் இந்திய-ரஷ்யக் கூட்டு நிறுவனம் மூலம் 6,01,427 ஏ.கே.-203 துப்பாக்கிகளை உற்பத்தி செய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானது. திருச்சிராப்பள்ளி தொழிற்சாலையும் ஏ.கே. அமைப்பை ஒட்டிய 7.62 × 39 மிமீ 'திருச்சி தாக்குதல் துப்பாக்கி'யை உருவாக்கி, துணை இராணுவப் படைகளுக்கும் காவல்துறைகளுக்கும் வழங்கியது.

புதிய துப்பாக்கிகள் படிப்படியாகவே வழங்கப்படுவதால், தரைப்படைக்கு வெளியே பல காவல் படைகளில் இன்சாஸ் தொடர்ந்து பயன்பாட்டில் உள்ளது. அவற்றுள் பழைய துப்பாக்கிகள் கால் நூற்றாண்டைக் கடந்தவை. அவற்றின் மேகசின்களையும் சுருள்வில்களையும் உரிய காலத்தில் மாற்றுவது, அவற்றைச் சுமப்பவரின் உயிரோடு தொடர்புடையதாகும்.

இவற்றையும் பார்க்க

* திருச்சிராப்பள்ளி படைக்கலத் தொழிற்சாலை
* கார்கில் போர்
* ஏ.கே.-47
* இந்திய அமைதி காக்கும் படை