துரை இப்போது பார்க்க மாட்டார்!

மேனேஜரின் கேபின் வாசலில் மணிக்கணக்காகக் காத்திருந்த அனுபவம் உண்டா உங்களுக்கு? 'உடனே வா' என்று மெயில் வரும். ஓடிப் போய் நின்றால், 'சார் மீட்டிங்ல இருக்கார்' என்பார்கள். வயிற்றில் புளி கரையும்! இது சாஃப்ட்வேர் கம்பெனிகளோடு வந்த வியாதி என்று நினைத்தால்... ஸாரி! இதில் கைதேர்ந்த ஒரு கம்பெனி, 200 வருடங்களுக்கு முன்பே நம்மூரில் இருந்தது.

குற்றாலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறுங்கள். சிவகிரி தாண்டி, ராஜபாளையத்துக்கு முன்னால் சேத்தூர் வரும். பிற்பாடு ஜமீன் ஆன ஊர், அப்போது ஒரு பாளையம். சுற்றுவட்டாரம் முழுக்க பாளையங்கள்தான். 1792 ஒப்பந்தப்படி, அவர்களிடம் கப்பம் வசூலிக்கும் அதிகாரம் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது.

கம்பெனியின் அமைப்பைப் பாருங்கள். லண்டனில் 24 டைரக்டர்கள். சென்னையில் கவர்னர், கவுன்சில், ரெவின்யூ போர்டு. கீழே கலெக்டர். அவருக்குக் கீழே பாளையக்காரர். எல்லோருக்கும் அடியில், வெயிலில் ஏர் பிடிக்கும் குடியானவன். மேலிருந்து வரும் கேள்வி ஒன்றுதான் - 'பணம் எங்கே?' ஒவ்வொரு படி இறங்கும்போதும் அந்தக் கேள்வி மிரட்டலாகக் கனம் ஏறும்.

1798 ஆகஸ்ட் 18. கப்பப் பாக்கிக்காக, ராமநாதபுரத்தில் வந்து பார்க்கும்படி பாஞ்சாலங்குறிச்சி கட்டபொம்மனுக்குக் கலெக்டர் ஜாக்சன் உத்தரவு போட்டார். 1959-ல் வந்த சிவாஜி படத்தில் பார்த்தோமே, அதே ஜாக்சன் துரை! கட்டபொம்மன் கிளம்பினார். குற்றாலத்தில் துரையைப் பார்க்க முயன்றார்... முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில்... ஊஹூம்! கடைசியில் செப்டம்பரில் ராமநாதபுரத்தில் தரிசனம் கிடைத்தது. அங்கே மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள் என்று சொல்வதுண்டு. ஆபத்தை உணர்ந்து தப்பியபோது கோட்டை வாசலில் மோதல். லெப்டினென்ட் கிளார்க் உயிரிழந்தார். அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

அடுத்து நடந்ததுதான் ஆச்சரியம். கட்டபொம்மன் சென்னைக்குப் புகார் எழுதினார். மேலிடம் மூன்று பேர் கமிட்டி போட்டு விசாரித்தது. கட்டபொம்மன் குற்றமற்றவர் என்று தீர்ப்பு. பிள்ளைக்கு விடுதலை. ஜாக்சனுக்கு வேலை போச்சு! கட்டபொம்மனும் பாக்கியில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டார். மிச்சம் 1,080 வராகன்தான்.

சுபம் போட்டுவிடலாமா? அவசரப்படாதீர்கள். நாற்காலியில் ஆள்தான் மாறினார். கேள்வி மாறவில்லை. புதிய கலெக்டர் லூஷிங்டனும் 'வந்து பார்' என்று ஓலை அனுப்பினார். ஒருமுறை வாசலில் நின்று, உயிர் தப்பி வந்தவர் மறுபடி நம்பிப் போவாரா? போகவில்லை. கம்பெனி அதைத் திமிர் என்று எழுதிக்கொண்டது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேனின் படை வந்தது. பிள்ளை தூக்கிலிடப்பட்டார். அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மனும்.

1,080 வராகனை உட்கார்ந்து பேசியே வாங்கியிருக்கலாம். பயமுறுத்தியே பழகிய கம்பெனிக்குப் பேசத் தெரியவில்லை. உங்கள் ஆபீஸில் மேனேஜரை மாற்றினால் ஸ்வீட் கொடுங்கள், தப்பில்லை. ஆனால், புதியவரிடம் மேலிடம் என்ன கேள்வி கேட்கிறது என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்!