பசித்த பிள்ளையின் வேடம்

கேகாலை, இரத்தினபுரி இறப்பர்த் தோட்டங்களின் லயங்களில் நல்லதங்காள் கதை பாட்டிமார் வாய்வழி வந்த கதை. நீண்ட பஞ்சம், அண்ணன் வீட்டை நாடிவந்த தங்கை, சோறிட மறுத்த அண்ணி, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் எறிந்து தானும் வீழ்ந்த தாய். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டியது போன்ற பஞ்சங்களுக்குத் தப்பிக் கடல் கடந்தோரின் வழிவந்த எமக்கு, அது வேற்றூர்க் கதையன்று.

அந்நாடகத்தில் பசித்த பிள்ளையாக மேடையேறியவர் கே. பி. சுந்தராம்பாள். 1908-இல் கொடுமுடியிற் பிறந்தவர். தாய் பாலாம்பாளின் வறுமையைத் தாங்கச் சிறுமி ரயில்வண்டியிற் பாடிக் காசு பெற்றாள். அக்குரலைக் கேட்டவர் மூலமாகவே நாடக வாயில் திறந்தது. பசியென்று அவள் மேடையிற் பாடியபோது சபை கண்ணீர் விட்டது. இதனைத் தெய்வத்தின் திருவருள் என எழுதிச் செல்வது வழக்கம். குரலின் அருமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அந்த வயதுப் பெண்ணை வண்டிக்கு வண்டி ஏற்றி இறக்கியது அருளன்று, அடுப்பெரியாத வீடு. பசியை நடித்துக் காட்ட அவளுக்கு ஆசான் வேண்டியிருந்திராது.

அவள் காலம் பிள்ளைகளின் நாடகக் காலம். 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தார். ஆறு வயதில் அதிற் சேர்ந்தவர் தி. க. சண்முகம். வளர்ந்த நடிகர்கள் கட்டுக்கடங்கவில்லை. பிள்ளைகளோ கம்பெனி வீட்டிலேயே உண்டு உறங்கி, பாடம் ஒப்பித்து, அடிக்கு அஞ்சி நடந்தார்கள். தமிழ் நாடகத்தின் செம்மைக்கு அக்கண்டிப்பு உதவியதென்பதும் உண்மையே. அதைச் சொல்லும்போது நமக்குச் சற்றே கூச்சமாகத்தான் இருக்கிறது. மகரக்கட்டு வந்து தொண்டை உடைந்த நாளில், நேற்றைய ராஜபார்ட் இன்று வேடமற்றவன் ஆனான். தோட்டத்திலே பிள்ளை வளர்ந்தால் கூலி ஏறும்; நாடகத்திலே பிள்ளை வளர்ந்தால் கூலி போகும்.

நாடகக் குழுக்கள் இலங்கைக்கும் வந்தன. 1914 முதல் தலைமன்னார்க் கப்பல் ஓடியது. மண்டபம் முகாமைக் கடந்து தோட்டத்து ஆட்களும் அவ்வழியே வந்தனர். சுந்தராம்பாளும் இளமையிலேயே இங்கு வந்து நடித்தார். 1926-இல் இலங்கை மேடையில் அவரோடு இணைந்து நடித்த எஸ். ஜி. கிட்டப்பாவும் செங்கோட்டையிலிருந்து சிறுவனாகவே மேடைக்குப் போனவர். இருவரும் மணந்தனர். 1933-இல், இருபத்தேழு வயதிற் கிட்டப்பா மறைந்தார், சுந்தராம்பாள் வெள்ளையுடுத்தார். 1935-இல் வெளிவந்த நந்தனார் படத்துக்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார்; 1951-இல் சென்னைச் சட்டமேலவை உறுப்பினரானார்; 1980-இற் காலமானார்.

ரயிலிற் பாடிய சிறுமி இலட்சம் பெற்ற கதை இனிக்கிறது. அவளுடன் வேடங்கட்டிய மற்றப் பிள்ளைகளின் பெயர்களை யார் எழுதிவைத்தார்?

எமது தோட்டங்களிற் பெயர்கள் எழுதப்பட்டன. ஆனால் அவை செக்றோலில். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பெரியவர்களோடு மலையேறிய பிள்ளைக்கும் அங்கே ஒரு வரி உண்டு. மாசியிற் காமன் கூத்து நடக்கும் இரவுகளிலே லயத்துப் பையனும் கொட்டகையோரம் விழித்திருப்பான். காலையில் அந்த வரி அவனுக்காகக் காத்திருக்கும். சுந்தராம்பாளும் கிட்டப்பாவும் மணந்த 1927-ஆம் ஆண்டிலேதான், இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இங்கு இயற்றப்பட்டது. அச்சட்டம் கூலியை மூன்று விகிதமாக வகுத்தது: ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று.