திருநெல்வேலிப் பேச்சும் பீகார் நிதியும்: 1934 நிலநடுக்க நிவாரணம் பற்றிய ஒரு மறுவாசிப்பு

1934 ஜனவரி 15 பிற்பகலில் பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்தைப் பற்றி எழுதும் எவரும் காந்தியின் திருநெல்வேலிப் பேச்சைத் தொடாமல் போவதில்லை. தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று அவர் சொன்னார், தாகூர் மறுத்தார், நேரு அதிர்ந்தார் என்பதோடு கதை முடிந்துவிடும். அந்தப் பேச்சை நிவாரணத்தின் வரலாற்றிலிருந்து வெட்டியெடுத்து, மூடநம்பிக்கைக்கும் பகுத்தறிவுக்கும் நடந்த வழக்காக நிலைபெறச் செய்ததில் பெரும்பங்கு நேருவின் சுயசரிதைக்கு உண்டு. இக்கட்டுரை மறுப்பது அந்த வாசிப்பைத்தான்.

நேருவின் கேள்விகள் கூர்மையானவை. எந்தப் பாவத்துக்கு எந்தத் தண்டனை என்று எப்படி அறிவது? தீண்டாமை கடுமையாக உள்ள இடங்களை விட்டுவிட்டுப் பீகாரைத் தண்டிப்பானேன்? வடபீகார் விடுதலைப் போரில் முன்நின்ற பகுதி. அப்படியானால் சட்டமறுப்புக்குக் கிடைத்த தண்டனை என்று ஆங்கில அரசும் சொல்லிக்கொள்ளலாமே? தர்க்கமாக இவற்றில் குறை காண முடியாது. ஆனால் காந்தியின் அறிக்கையை எப்போது படித்தார் என்பதில் நேருவுக்கே உறுதியில்லை. பீகார்ச் சுற்றுப்பயணத்தின்போது, அல்லது அதற்குச் சற்று முன் என்றுதான் எழுதுகிறார். ரயில் பாதையும் தபாலும் சிதைந்து கிடந்த நாட்டில் அவர் கையில் கிடைத்தது நாளிதழ்ச் சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஊகத்துக்கு ஓர் ஆதாரம் உண்டு. ‘பீகாரும் தீண்டாமையும்’ என்ற தலைப்பில் 1934 பிப்ரவரி 2 தேதியிட்ட ‘ஹரிஜன்’ இதழில் காந்தி எழுதிய குறிப்பில், தென்னாட்டை விட்டுப் பீகாருக்கு ஏன் தண்டனை என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. தாம் கடவுள் அல்லர், கடவுளின் நோக்கம் தமக்கு முழுதும் தெரியாது என்று அவர் அதைத் தள்ளிவிடுகிறார். பதிலாக இது போதாது. கேள்வியிலிருந்து நழுவுவது என்றே சொல்ல வேண்டும். ஆனால் அதற்குப் பின் சிறையில் அமர்ந்து எழுதிய நேரு, இந்தக் கேள்வி ஏற்கெனவே எழுப்பப்பட்டு விலக்கப்பட்டதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

ஜனவரி 24 அன்று காந்தி பேசிய இரண்டு பேச்சுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். திருநெல்வேலியில் முதலில் வருவது ‘நம் பாவங்கள்’ என்ற பொதுச்சொல். பாவம் இன்னதென்று அந்த இடத்தில் பெயர் சொல்லவில்லை. உடனே பீகாருக்கு அவரவரால் இயன்றதைக் கொடுங்கள் என்கிறார். அடுத்தபடியாக, அதற்காகக் கையிலெடுத்த காரியத்திலிருந்து விலகிவிடாதீர்கள் என்கிறார். பீகார்த் துயருக்கும் தீண்டாமை இயக்கத்துக்கும் உள்ள உயிர்த்தொடர்பு அதற்குப் பிறகே பேசப்படுகிறது. தூத்துக்குடிப் பேச்சில் இந்தப் படிகள் சுருங்கி, தீண்டப்படாதார் எனப்படுவோருக்கு நாம் இழைத்த, இன்னும் இழைத்துவரும் பாவமே காரணம் என்று நேரடியாக வருகிறது.

இந்த வரிசையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். காந்தி அப்போது தென்னாட்டில் ஊர் ஊராகப் பணமுடிப்பு வாங்கிக்கொண்டிருந்தது அரிசன நிதிக்காக. நிலநடுக்கச் செய்தி வந்ததும் அதே மேடையில், அதே மக்களிடம், இரண்டாவது உண்டியலும் நீட்டப்பட்டது. ஒன்றுக்குக் கொடுத்தவர் மற்றதற்குக் கைவிரித்துவிடக் கூடாது. இரண்டையும் ஒரே பாவத்தோடு கட்டிவிட்டால் இரண்டும் ஒரே பிராயச்சித்தமாகிவிடும். பாவத்தைச் சுமத்தியதும் செத்தவர்கள் மேல் அல்ல, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல். கோயில் நுழைவுக்காகச் சிவகாசியும் கமுதியும் கண்ட கலவரமும் வழக்கும் நினைவில் இருந்த வட்டாரத்தில், ‘நம்’ என்ற சொல் யாரைச் சுட்டியது என்று கூட்டத்துக்கு விளக்க வேண்டியிருந்திருக்காது.

இது வெறும் மேடைத் தந்திரம் என்று நான் சொல்ல வரவில்லை. தாகூரின் மறுப்பை ‘ஹரிஜன்’ வெளியிட்டபோது காந்தி எழுதிய பதில், அவர் அதை உண்மையாகவே நம்பினார் என்பதைக் காட்டுகிறது. என் வாசிப்புக்கு அது இடையூறுதான். ஆனாலும் நம்பிக்கையும் நிதி திரட்டலும் ஒரே வாக்கியத்தில் குடியிருக்க முடியாது என்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

நேருவுக்குக் கிட்டாத இன்னொன்றும் உண்டு. பிப்ரவரி 12 அன்று அவர் கைதானார். முங்கேரில் இடிபாடு அகற்றப்படாமல் கிடந்ததை அவர் கண்டித்தது நியாயமே; அந்தப் பக்கங்கள் இன்றும் மதிப்புடையவை. ஆனால் நிவாரணத்தின் நீண்ட பகுதி அதற்குப் பின்னர்தான் நடந்தது: மணல் தூர்ந்த கிணறுகளைச் சீர்செய்தது, வயல்மேல் படிந்த மணலை அள்ளியது, சர்க்கரை ஆலைகள் நொறுங்கியதால் பிழியப்படாமல் நின்ற கரும்புக்கு வழி தேடியது. ஜனவரி 17 அன்று விடுதலையான ராஜேந்திர பிரசாத் அமைத்த பீகார் மத்திய நிவாரணக் குழு, சட்டவிரோதமாக அறிவிக்கப்பட்டிருந்த காங்கிரசின் ஆட்களைக் கொண்டே இயங்கியது. காந்தி மார்ச்சில் வந்து, நிவாரணத்தில் அரசோடு ஒத்துழைக்கச் சொன்னார்.

அக்குழுவின் கணக்கைப் பார்த்துக்கொண்டவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. தொண்டருக்கு நாளொன்றுக்கு 3 அணாவுக்கு மேல் செலவு கூடாது என்று அவர் வரம்பு வைத்தார். காந்தியின் பரிவாரத்துக்கான கூடுதல் செலவையும் நிவாரணப் பணத்திலிருந்து கொடுக்க மறுத்தார். திருநெல்வேலியில் நீட்டிய கையும் பாட்னாவில் இறுக்கிப் பிடித்த கையும் ஒரே நிவாரணத்தின் இரு கைகள். முதலாவதைப் பற்றி எழுதிக் குவித்த நாம் இரண்டாவதைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

இறப்புக் கணக்கு இன்னும் தீரவில்லை. பீகாருக்கு 7,253 என்றும் நேபாளத்துக்கு 8,519 என்றும் பதிவுகள் சொல்கின்றன. ஆனால் மொத்தம் 10,700 முதல் 12,000 வரை என்று எழுதும் நூல்களும் உண்டு. கூட்டினால் ஒத்துவராத இந்த எண்களில் ஒன்றைத் தேர்ந்து உறுதியாகச் சொல்ல நான் தயாராக இல்லை.

திருநெல்வேலிப் பேச்சைப் பற்றி நாம் வாதிடுவதெல்லாம் ஆங்கில அச்சுப்பிரதியை வைத்துத்தான். 1934 ஜனவரி, பிப்ரவரி மாதச் ‘சுதேசமித்திரன்’ இதழ்களையோ நெல்லைச் சீமையின் உள்ளூர் அச்சுத்தாள்களையோ வைத்திருப்பவர்கள், அந்த இரு கூட்டங்களின் தமிழ்ச் செய்தியையும் அங்கு வசூலான தொகையையும் தேடிப் பார்த்து வெளியிட வேண்டும்.